ரிமோட்டுக்கும் தீட்டு

நம் வயதுக்காரிகள் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு முழங்காலில் தொடங்கி முழங்காலிலேயே முடிகிறது. போன வாரம் கல்கத்தா லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ பொறுக்கிக்கொண்டிருந்தபோது பழைய சிநேகிதி ஒருத்தி, "உனக்கென்னடி, சின்ன வயசுல ஓடியாடினவ, உனக்கு வலியே இருக்காது" என்றாள். ஓடியாடினதால்தான் வலிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் கருவேப்பிலைக்காரனோடு சண்டைக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனதை விடவில்லை. நான் ஓடியாடினதே கை நழுவிப் போயிருக்க வேண்டிய விஷயம். அது நழுவாமல் நின்ற கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இதே மாதிரி ஒரு வார இறுதி உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். என்னுடையதில் கொஞ்சம் கூடைப்பந்து சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கேபிள் வந்த புதிது. எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்று தெருவைத் தாண்டி, குல்மொஹர் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கள் பால்கனி வழியாக ஹாலுக்குள் நுழைந்தது. காற்றடித்தால் கிளை ஆடும், கிளை ஆடினால் செய்தி வாசிக்கிறவரின் முகமும் ஆடும். அந்த ஒயர் வழியாகத்தான் அமெரிக்கக் கூடைப்பந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. அங்கே ராத்திரி ஆடுவது இங்கே விடியற்காலையில் நேரடியாகத் தெரியும். மே மாதம் வந்தால் பிளே-ஆஃப். நன்றாக ஆடிய அணிகள் மட்டும் மிஞ்சி, கோப்பைக்காக மோதிக்கொள்ளும் காலம். எனக்குப் பதின்மூன்று வயது. ஏரிக்கு அந்தப் பக்கம் டாக்குரியாவில் ஒரு கிளப்பில் சாயங்காலம் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தேன். சிமெண்டுத் தரை, வலை கிழிந்த வளையம், வழுக்கிப் போன ரப்பர் பந்து. கோச்சை வங்காளிகள் வழக்கப்படி தாதா, அதாவது அண்ணா, என்போம். கோச் தாதா சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்ப்பவர், ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர். கோடை விடுமுறையில் பெண்களுக்கு ஒரு அணி எடுக்கப்போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆடவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாகவும் அறிவித்திருந்தார். அந்த அணியில் எப்படியாவது இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசையே இல்லை. மாம்பழம்கூட இரண்டாம் பட்சம்தான்.

அம்மாவுக்கு இந்த ஆட்டமே பிடிக்காது. நான் அந்த வயதிலேயே அவளைவிட ஒரு சாண் உயரம். குதிக்கக் குதிக்க இன்னும் வளர்வேன் என்பது அவள் நம்பிக்கை. அம்மாவின் கணக்கில் நான் ஒவ்வொரு தடவை பந்துக்கு எம்பும்போதும் மெட்ராஸில் ஒரு மாப்பிள்ளை கைவிட்டுப் போனான். அப்பா வங்கியில் அதிகாரி. அவர் ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. ஹிந்துப் பத்திரிகை ஒருநாள் தாமதமாக வந்தாலும் அதை வரி விடாமல் படிப்பார், எனக்குக் கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்பார், அத்துடன் சரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நான் பெரியவளானேன். இதை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு ஒரே சமயத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தன. மெட்ராஸுக்கு எஸ்டிடி பூத்திலிருந்து போன் போயிற்று. நாலாம் நாள் தலைக்குத் தண்ணீர் விட்டு, மார்க்கெட் பக்கத்து மாமிகளை அழைத்து, புட்டு பண்ணி, ஆரத்தி எடுப்பதாகத் தீர்மானமாயிற்று. கடைசியில் என் பக்கம் திரும்பி அம்மா சொன்னாள்: "இனிமே இந்தப் பந்து, கிந்துன்னு குதிக்கறதெல்லாம் போறும். இதோட நிறுத்திக்கோ."

நான் அழுதேன். அவள் வயிற்று வலி என்று நினைத்து வெந்தயமும் மோரும் கொடுத்தாள்.

எங்கள் வீட்டில் மாதத்தில் மூன்று நாள் அம்மா ஹாலில்தான் இருப்பாள். சமையலறையில் கால் வைக்கக் கூடாது, சுவாமி அலமாரிப் பக்கம் போகக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. தட்டும் டம்ளரும் தனி, அலுமினியத்தில். அந்த மூன்று நாளும் அப்பா வெண்டைக்காய்க் கறி என்ற பெயரில் ஏதோ ஒன்று பண்ணுவார். ஹாலுக்குப் பால்கனியும் குளியலறையும் ஒட்டி இருந்ததால், ஒதுங்கி இருப்பதற்கு அது வசதி. வழக்கப்படி எனக்கும் அங்கேயே பாய் விரித்தார்கள். டிவியும் அங்கேதான் இருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. பாய்க்குப் பக்கத்தில் கிடந்த ரிமோட்டை நான் எடுத்தேன். எடுத்த கையோடு அதற்கும் தீட்டு ஒட்டிக்கொண்டது. இனி நாலாம் நாள் வரைக்கும் வீட்டில் வேறு யாரும் அதைத் தொட முடியாது. கூடைப்பந்திலிருந்து என்னைப் பிரிக்க நினைத்த குடும்பம், என்னையும் டிவியையும் ரிமோட்டையும் ஓர் அறையில் சேர்த்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிற்று. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கண் முன்னால் நின்றது.

சனிக்கிழமை விடியற்காலையில் சத்தத்தைக் குறைத்து வைத்து ஆட்டத்தைப் போட்டேன். சிவப்புச் சட்டைக்காரர்களும் பச்சைச் சட்டைக்காரர்களும். பால்காரன் சைக்கிள் மணி, எங்கோ ஒரு குயில், டிவியில் ஷூக்கள் மரத்தரையில் கீச்சிடும் சத்தம். வெயில் ஏறுவதற்கு முந்திய அந்த ஒரு மணி நேரம்தான் கல்கத்தா மே மாதத்தில் மனிதர்களுக்கென்று விட்டு வைத்திருக்கும் நேரம். அப்பா காபி டம்ளரோடு வந்தார். தன்னுடைய சாய்வு நாற்காலி ஹாலில் மாட்டிக்கொண்டுவிட்டதால், சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு நடையில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத ஒரு அப்பாவி அவர் என்பது, நான் என் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகுதான் புரிந்தது.

"யாரு இவாள்லாம்?" என்றார், டிவியைப் பார்த்து.

"அமெரிக்கா டீம்ப்பா. பிளே-ஆஃப்."

"இத்தனை நெட்டையா இருக்காளே. வாசப்படில இடிச்சுக்க மாட்டாளோ?"

 உயரத்தைப் பற்றி அந்த வீட்டில் நான் போதுமான அளவு கேட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அவரே கேட்டார்: "கூடைக்கு மேல ஒரு நம்பர் குறைஞ்சுண்டே வரதே, அது என்ன?"

"கடிகாரம். பந்தை வெச்சுண்டு சும்மா நிக்கப்படாது. அந்த நேரத்துக்குள்ள போட்டாகணும். இல்லேன்னா பந்து அவாளுக்குப் போயிடும்."

அப்பா காபியை ஒரு வாய் குடித்தார். "எங்க லோன் செக்‌ஷன்ல ஒண்ணு மாட்டணும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், டிவியைப் பார்த்துத்தான். அதற்கப்புறம் கேள்வி மேல் கேள்வி. எதற்கு விசில், எதற்கு அவனுக்கு மட்டும் சும்மா நின்று போட அனுமதி, ஒருத்தன் போட்டது ஏன் இரண்டு, இன்னொருத்தன் போட்டது ஏன் மூன்று. வங்கிக்காரருக்கு விதிகள் என்றால் வெல்லக்கட்டி. நான் பாயில் உட்கார்ந்தபடி பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"இன்னிக்குத் தோத்தா மூட்டையைக் கட்டிண்டு போக வேண்டியதுதானா?"

"இல்லப்பா. ஏழு மேட்ச். நாலு ஜெயிக்கறவாளுக்குத்தான். இன்னிக்குத் தோத்தாலும் மறுபடி வரலாம்."

"தோத்த ஆளோடயே மறுபடியுமா? வெக்கமா இருக்காதோ?"

"இருக்கும். ஆனா வரணும்."

சிவப்பு அணியில் ஒரு குள்ளமான ஆட்டக்காரன். குள்ளம் என்றால் அந்தக் கூட்டத்தில் குள்ளம், எங்கள் வீட்டு நிலைப்படியில் அவனும் இடித்துக்கொள்வான். கணுக்கால் பிசகி வெளியே போனவன், கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டிக்கொண்டே திரும்பி வந்தான். அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஆட்டம் முடியச் சொற்ப நேரம்தான் பாக்கி, ஒரு புள்ளி வித்தியாசம். லோட்ஷெடிங்.

மின்விசிறி சுற்றி ஓயும் சத்தம் மட்டும் கேட்டது. "சே" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அதற்கு முன்னால் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. வங்கிக்குக் கிளம்பும் வரைக்கும் மூன்று தடவை நடையிலிருந்த விளக்குச் சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். கரண்ட் வந்தபோது அங்கே ஏதோ கார் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை வங்கி அரை நாள். இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு வருகிறவர், வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நடையில் நின்று, ஹாலைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "சிவப்புதான் ஜெயிச்சுதாம். அந்த நொண்டிதான் கடைசியில போட்டானாம்."

டாக்குரியாவுக்குப் போயிருக்கிறார். அந்தப் பக்கம் கரண்ட் போகவில்லையாம். எப்படி முடிந்தது என்று கேட்க, கோச் தாதா வீட்டைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். ஆட்டத்தின் முடிவு தெரியாமல் வேலை ஓடவில்லை என்பதை என் அப்பா யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டார், "அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது" என்றுதான் அம்மாவிடம் ஆரம்பித்தார். மீதியைச் சமையலறை வாசலில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எங்கள் வீட்டில் தாழ்த்திச் சொன்னதெல்லாம் ஹாலில் நன்றாகக் கேட்கும்.

"நேத்து ஏன் வரலைன்னு கேட்டார். ஜுரம்னு சொன்னேன்."

"நல்ல வேளை" என்றாள் அம்மா.

"அவரோட ஆத்துக்காரி டீ கொண்டு வந்தா. எத்தனை வயசுன்னு கேட்டா. பதிமூணுன்னேன். சிரிச்சுட்டா. அந்த ஜுரம் எனக்கும் தெரியும், மாசா மாசம் வரும், அதோடயே ஜில்லா மேட்ச் ஆடியிருக்கேன்னா."

"ஐயய்யோ. அவகிட்டப் போய்ச் சொன்னேளா?"

"நான் எங்க சொன்னேன். அவளே சொல்லிட்டா."

"அவா வழக்கம் வேற."

"வேறதான். கோப்பை அலமாரில இருக்கு. கையில குடுத்தா, பாத்தேன்."

அம்மா பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. அப்பா விடவில்லை. "நம்மாத்துப் பொண்ணைப் பத்தி என்ன சொன்னார் தெரியுமா? கூடையில பட்டுத் திரும்பி வர பந்தைப் பிடிக்கறதுல இவளுக்கு ஈடு கிடையாதாம். மத்தவா விட்டதை எல்லாம் இவ எடுத்துடறாளாம். நாளைக்கு வரலேன்னா இடத்தை வேற யாருக்காவதுதான் குடுக்கணும், பாத்துக்கோங்கோன்னார்."

"நாலாம் நாள் கழிச்சுப் பாத்துக்கலாம்னு சொல்றதுதானே."

"நாளைக்குத்தான் எடுக்கறா. நாலாம் நாள் யார் எடுப்பா?"

 நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி யாரோ ஒருத்தர் இப்படிச் சொன்னார் என்பதே எனக்குப் போதும் போலிருந்தது. அடுத்த நிமிஷம் போதாது என்றும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு இரண்டு அணிகள். அப்பா நாற்காலியோடு தயாராக இருந்தார். அம்மா குளித்துவிட்டு ஈரத் தலையில் துண்டோடு வந்து நடையில் நின்றாள். "பக்திப் பாட்டு வர நேரம். அதை மாத்தேண்டி."

"சித்த இரு, முடியப் போறது" என்றார் அப்பா.

ரிமோட் என்னிடம். அம்மாவால் உள்ளே வர முடியாது. வேறு வழியில்லாமல் நின்றாள். நின்றால் பார்க்கத்தானே வேண்டும். அன்றைக்குக் காமிராக்காரர் அடிக்கடி கூட்டத்தில் ஒரு அம்மாளைக் காட்டிக்கொண்டிருந்தார். பெரிய கம்மலும் பூப்போட்ட கவுனும் போட்டவள், ஒரு ஆட்டக்காரனுடைய தாயார். பிள்ளை பந்தைத் தவறவிட்டால் கண்ணை மூடிக்கொள்வாள், பிடித்தால் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து உலுக்குவாள்.

"யாருடி அது?" என்றாள் அம்மா.

"அவனோட அம்மா."

"ஒவ்வொண்ணுக்கும் இப்படித்தான் வருவாளா?"

"எப்பவும் வருவான்னு சொல்றா."

"பாவம். எத்தனை டென்ஷன் அவளுக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பக்திப் பாட்டு நேரம் போய்விட்டது. அதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா சொன்னார்: "மூணு நாள் உட்காரணும்னா உட்காரட்டும். வேண்டாங்கலை. ஒரு மணி நேரம் நான் அழைச்சுண்டு போயிட்டு வரேன். திரும்பி வந்து மறுபடி உட்காரட்டும்." வங்கியில் பார்ட்டிகளுக்கு வட்டி குறைத்துக் கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

அம்மா வெகு நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு, "உங்க இஷ்டம். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். இந்த வாக்கியத்துக்கு அர்த்தம் என்ன என்று நம் வீடுகளில் பிறந்தவர்களுக்குத் தெரியும். நான் ஷூவைத் தேடிக்கொண்டு எழுந்தேன்.

ஆட்டோவில் ஏறினால் ஒருவர்மேல் ஒருவர் பட்டுவிடும் என்று நடந்தே போனோம். அப்பா குடையோடு முன்னால், நான் பந்தோடு பின்னால், நடுவில் இன்னொரு ஆள் நடக்கிற அளவு இடைவெளி. தெரிந்த மாமி ஒருத்தி எதிரில் வந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல நடந்தோம். மேற்கே மேகம் கறுத்து, ஏரித் தண்ணீர் ஈயச் சட்டி நிறத்துக்கு வந்திருந்தது. எனக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. பயமா வலியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கோச் தாதா எல்லாப் பெண்களையும் வட்டமாக நிற்கவைத்து, கையின் மேல் கை வைக்கச் சொன்னார். நான் தயங்கினேன். இரண்டு நாளாக நான் யாரையும் தொடவில்லை. பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து இழுத்து நடுவில் வைத்து அதன்மேல் தன் கையை வைத்தாள், அதன்மேல் இன்னொருத்தி, அதன்மேல் இன்னொருத்தி. அத்தனை கைகளும் வியர்வையும் சூடுமாக என் கைமேல் இருந்தன. கம்பி வேலிக்கு வெளியே அப்பா குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

நான் அன்று நன்றாக ஆடினேன் என்று சொன்னால் அது பொய். கூடைக்கு எறிந்த எதுவும் விழவில்லை. கால் கல்லாகக் கனத்தது. ஆனால் திரும்பி வந்த பந்துகளை விடவில்லை. கடைசியில் ஒரு பந்துக்காக எம்பி, இன்னொரு பெண்ணின் தோளில் மோதி, சிமெண்டில் விழுந்தேன். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. பந்து மட்டும் கையிலேயே இருந்தது. விசில் கேட்டது. எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமோ, பாவாடை கறையாகியிருக்குமோ என்ற பயம். நீங்கள் எல்லாரும் அறிந்த பயம்தான் அது.

அப்போது தோல் செருப்பின் சத்தம் கேட்டது. கோர்ட்டுக்குள் செருப்போடு வரக் கூடாது என்று கோச் தாதா கத்தினார். அப்பா செருப்பை அங்கேயே உதறிவிட்டு வந்தார். குனிந்து, கையை நீட்டினார். இரண்டு நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"தொடப்படாதுப்பா" என்றேன், மெதுவாக.

"தெரியும். எழுந்திரு" என்று என் கையைப் பிடித்துத் தூக்கினார். எழுந்து நின்றபோது அவர் தோளுக்கு மேலே என் தலை இருந்தது. "ஒண்ணும் தெரியலை. ஆடு" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. நான் ஆடினேன். முதல் மழைத்துளிகள் விழும்போது கோச் தாதா பெயர்களைப் படித்தார். என் பெயர் கடைசிப் பெயர்.

வீட்டுக்கு நாங்கள் பக்கத்தில் பக்கத்தில், ஒரே குடையில் வந்தோம். புயல்காற்றில் அந்தக் குடை எங்கள் இரண்டு பேரையும் நனைத்தது.

அம்மா கதவைத் திறந்தாள். அப்பாவின் வெள்ளைச் சட்டைக் கையில் என் விரல்கள் ஐந்தும் சேறாகப் பதிந்திருந்தன. "தொட்டுட்டேளா?" என்றாள்.

"விழுந்துட்டா. தூக்கினேன்."

"சரி. குளிக்கற வரைக்கும் ரெண்டு பேரும் ஹாலை விட்டு வராதேங்கோ."

அப்பா நல்ல பிள்ளையாக ஹாலுக்குள் வந்தார். தன்னுடைய சாய்வு நாற்காலியைப் பார்த்தார், பிறகு அதை விட்டுவிட்டு என் பாயிலேயே உட்கார்ந்தார். குளிக்க அவசரப்படவில்லை. காலை ஆட்டத்தின் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் ஒரு கிண்ணத்தில் குழைத்து நிலைப்படி அருகே நகர்த்தி வைத்தாள், முழங்காலுக்கு. பிறகு இரண்டு தட்டில் தோசை. இரண்டும் அலுமினியத் தட்டு.

"எடுத்துண்டாளா இவளை?" என்று கேட்டாள்.

"எடுத்துண்டா" என்றார் அப்பா. "கடைசிப் பேரு."

அம்மா நடையில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மழை பால்கனியில் அடித்துக்கொண்டிருந்தது. நான் தோசையைப் பிய்க்காமல் காத்திருந்தேன். இனிமேல் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது, அப்பா அதற்கு மேல் பேச மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

அம்மா டிவியைப் பார்த்தாள். அந்த நெட்டை மனிதர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கூடைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இந்தக் கூட்டத்துல இவ எந்த இடத்துல நிப்பா?" என்றாள்.

நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்த் திரையில் விரலை வைத்துக் காட்டினேன்.